முப்பது சுற்று

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புதுத் தொல்லை வந்திருக்கிறது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு இன்று எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கிறது. நடந்தது போதுமென்றால் ஒரு பச்சை வட்டம் மூடிக்கொள்ளும். போதாதென்றால் அது ஒன்றும் சொல்லாது. வட்டம் மூடாமல் கிடக்கும். என் மகன் அப்படி ஒன்றை வாங்கி வந்தபோது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு வருத்தம். அவனிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மட்டாஞ்சேரியில் வளர்ந்திருக்க வேண்டியதில்லை. அணா போய் நயா பைசா வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் என்றால் போதும்.

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கியது. தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கம் அது. அத்தா அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, ஆணியால் கீறிக் கட்டம் போட்டிருந்தார். மேலே மூன்று தலைப்புகள்: உடம்பு, காசு, வேலை; ஒவ்வொன்றின் கீழும் நாளுக்கொன்றாக ஏழு கட்டம். பக்கவாட்டில் மூன்று வரிசைகள்: அவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அந்த மூன்று தலைப்புகள்தான் நான் முதலில் வாசித்த தமிழ்.

உடம்பு என்றால் விடியலில் எழுவது, பல் துலக்குவது, அத்தா கற்றுக்கொடுத்த பன்னிரண்டு குனிந்து நிமிர்தல். காசு என்றால் ஆளுக்கொரு நாணயத்தைக் கட்டிப்பால் டப்பாவில் போடுவது. எனக்கு ஒரு பைசா. அதையும் அவரே முதல்நாள் சாயங்காலம் கொடுத்துவைப்பார். வேலை என்றால் எனக்கு ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி. அம்மாவுக்கு என்ன வேலை என்று அத்தா தீர்மானிக்கவே இல்லை. அம்மா நாள் முழுக்கச் செய்ததில் எதற்குக் கோடு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். செய்தவுடன் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் நிற்பார். கட்டம் காலியாக இருந்தால் திட்டமாட்டார். அதன்மேல் விரலை வைத்து, நாம் ஏதாவது சொல்லும்வரை எடுக்காமல் நிற்பார்.

"கப்பல்ல ஏத்துற சரக்குக்கு மார்க் போடுற மாதிரி நமக்கும் போடுறாரு உங்க அத்தா. என்னைக்கு நம்மள ஏத்தி அனுப்புறாருன்னு தெரியல" என்பாள் அம்மா. ஒரு வாரம் அவள் தன் வரிசைக்குக் கீழே பூனைக்கும் ஒரு வரிசை போட்டு, உடம்புக் கட்டத்தை நாள்தோறும் நிரப்பிவைத்தாள். அத்தா அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அழிக்கும்போது பூனையின் வரிசையை மட்டும் அழித்தார்.

அவரை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் தனியாக வந்தவர். கயிற்று ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் கிடங்கில், பொதிகளின்மேல் தகட்டச்சை வைத்துத் துறைமுகப் பெயர்களை மையால் அடிக்கும் வேலை. அந்த அச்சுகளைப் பார்த்தே ஆங்கில எழுத்து படித்தார். அவர் முதலில் வாசித்த ஆங்கிலச் சொல் லண்டன். நாளுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளும் விடாமல், பதினெட்டு வருஷத்தில் கிடங்கிலிருந்து மாடிக்குப் போய் ஷிப்பிங் கிளார்க் ஆனார். அவர் வாழ்க்கையில் நல்லது எதுவும் திடீரென்று வந்ததில்லை. எல்லாமே நாள் தவறாமல் செய்து வந்தது. திடீரென்று வந்தவை இரண்டுதான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதுக்குள் காய்ச்சலில் போனார்கள். இரண்டாவது பிள்ளையை அடக்கம் செய்த மாதத்தில்தான் பலகை சுவருக்கு வந்தது, என் வரிசை நான் பிறந்த பின் கீறியது என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

பஜார் ரோட்டுக்குப் பின்னால், சுக்குக் கிடங்கை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. காற்று ஒரு பக்கமிருந்து வந்தால் மிளகுத்தூளில் தும்மல் வரும், மறுபக்கமிருந்து வந்தால் சாக்கடை நாறும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. தெருக்குழாயில் விடியலில் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் வரும். அம்மா வெளியே போய்ப் பிடிக்க மாட்டாள் என்பதால் சேட்டத்தி என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு மலையாளத்துப் பெண் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கொண்டுவந்து ஊற்றுவாள். வாரத்துக்கு ஒரு தடவை ஆட்கள் வந்து சாக்கடையில் எண்ணெய் தெளித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் கொசுக்கள் வழக்கம்போல வந்துவிடும்.

கால்களைப் பற்றி நான் சொல்லாவிட்டாலும் அங்கே வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். எங்கள் சந்தில் வளர்ந்த பிள்ளைகள் ஆளை முகத்தால் அல்ல, காலால் அடையாளம் சொல்லுவோம். முழங்காலுக்குக் கீழே தூண்போல வீங்கிய கால், பாதம் மறைந்து விரல்நுனி மட்டும் தெரிகிற கால், மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற கால். மந்துக்கால் என்பார்கள். வெளியூரில் பெண் கேட்டுப் போனால் கொச்சி என்றதும் மாப்பிள்ளையை வேட்டியைத் தூக்கி நிற்கச் சொல்வார்கள் என்று ஒரு கேலி உண்டு. அது கேலி மட்டுமல்ல.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அத்தாவுக்கு ஒரு குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, இடது கால் சிவந்தது. மூன்று நாளில் காய்ச்சல் போயிற்று, வீக்கம் போகவில்லை. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக நிறைந்தது. அழுத்திப் பார்த்தது நான்தான். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கம்பெனியின் ஹெட் கிளார்க் அந்த மழைக்காலத்தோடு ஓய்வு பெறுகிறார். அடுத்த இடம் அத்தாவுக்கு என்று மாடியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் முடிவு சாயிப்பின் கையில், அதாவது வெள்ளைக்கார மானேஜரின் கையில். ஹெட் கிளார்க் என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது மோட்டார் போட்டில் போய், ஆற்றுமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலில் ஏணி வழியாக ஏறி, காகிதங்களில் கையெழுத்து வாங்க வேண்டும். கால்சட்டையும் கறுப்புத் தோல் ஷூவும் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மந்துக்கால் உள்ளவனுக்கு ஷூ ஏறாது. ஷூ ஏறாதவனைக் கப்பலுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த வேலையோடு ஒரு கம்பெனி வீடும் உண்டு. தென்னந்தோப்புக்குள், சாக்கடை இல்லாத இடத்தில், நல்ல தண்ணீர்க் கிணற்றோடு. அம்மா அந்தக் கிணற்றை ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அதன் ராட்டினம் எப்படிச் சுற்றும் என்று எனக்குக் கையால் காட்டியிருக்கிறாள்.

ஆகவே அந்த ஷூவுக்குள் கால் போக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மழைக்காலம் முழுக்க நடந்தது அது ஒன்றுதான்.

அத்தா வைத்தியரைத் தேடவில்லை. வழி அவர் கண்முன்னாலேயே இருந்தது. அவர் கம்பெனியில் கயிற்றை அப்படியே கப்பலில் ஏற்றுவதில்லை. கப்பல் கூலி எடைக்கு அல்ல, அடைக்கிற இடத்துக்கு. அதனால் கயிற்றுக்கட்டுகளை ஒரு பெரிய பிரஸ்ஸில் வைத்து அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே இரும்புப் பட்டை போட்டு இறுக்குவார்கள். ஆள் உயரக் கட்டு இடுப்பளவாகும். பட்டையைத் தளர்த்தினால் உடனே பழையபடி உப்பும். தளர்த்தாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தால் பட்டையை அறுத்த பிறகும் அது தன் பழைய அளவுக்கு வராது. இருபது வருஷமாக அவர் இதைப் பார்த்திருந்தார்.

பழைய மல் வேட்டி ஒன்றை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, நீளமாகச் சேர்த்துத் தைத்துத் தரும்படி அம்மாவிடம் கொடுத்தார். விரலடியிலிருந்து முழங்கால்வரை முப்பது சுற்று. குனிந்து தானே சுற்றினால் இறுக்கம் சரியாக வராது என்பதால் அந்த வேலை எனக்கு. விடியலில் சுபுஹு தொழுகை முடிந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் வைப்பார். நான் சுற்றுவேன், அவர் எண்ணுவார். முடிந்ததும் பலகையில் எனக்கு ஒரு கோடு, அவருக்கு ஒரு கோடு. துணியைச் சாயங்காலம் அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் பட்டை அறுந்த பொதி மாதிரி ஆகிவிடும் என்றார். காலையில் மட்டும், இறுக்கித் திரும்பச் சுற்றுவதற்காக அவிழ்ப்போம். இடையில் ஈரம் படக்கூடாது. ஈரம் பட்டால் துணி தளரும்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. நாளைக்கு ஐந்து வேளை தொழுகிறவர் ஐந்து வேளையும் ஒளு செய்ய வேண்டும். கணுக்கால்வரை தண்ணீர் விட்டு, கால்விரல் இடுக்கெல்லாம் விரல் கொடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பலகைக்கெல்லாம் மூத்த பழக்கம் அது. ஏழு வயதிலிருந்து அவர் விட்டதில்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் போய், காலில் கட்டு இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அவர் உள்ளதைச் சொன்னார்: காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால் அதன்மேல் ஈரக்கையால் தடவினால் போதும், மார்க்கம் யாரையும் வருத்தாது. கட்டு எதற்கு என்று லெப்பை கேட்கவில்லை, அத்தாவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வலது காலுக்குத் தண்ணீர், இடது காலுக்குத் தடவல்.

முதல் வாரம் ஷூ ஏறியது. அத்தா அதைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் இரண்டு தடவை நடந்து காட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை ஊர்வலம் எப்போ?" என்றாள்.

மூன்றாவது வாரத்தில் துணியை அவிழ்த்தபோது ஒரு நாற்றம் வந்தது. கொச்சிக்காரர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. காயலோரத்தில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டு அழுகவைப்பார்களே, அந்த வாசம். ஆபீஸில் கயிற்றுக்கு நடுவில் இருக்கிறேன் அல்லவா, அதுதான் என்றார் அத்தா. எனக்கு எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக, நனைந்த காகிதம்போல ஆகியிருந்தது. தொட்டால் விலகியது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அமாவாசையை ஒட்டி ஒரு காய்ச்சல் வந்தது. வாவு நாளில் மந்துக்காரனுக்குக் காய்ச்சல் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அத்தா அந்த நாள் கணக்கை நம்பமாட்டார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே பலகையை எடுத்துவரச் சொல்லி, எந்தக் கட்டமாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் காலியில்லை. அவருக்கு அது பிடிபடவில்லை. சுற்றை முப்பத்திரண்டாக்கினார். காய்ச்சல் விட்டதும், ஷூ ஏறவில்லை என்று, திரும்ப முப்பதுக்கு வந்தார்.

தண்ணீர் கொண்டுவரும் சேட்டத்திக்கும் ஒரு கால் மந்துதான். கடைசிக் குடத்தை எங்கள் வீட்டில் ஊற்றியபின் மிச்சத் தண்ணீரில் அந்தக் காலைக் கழுவி, முந்தித் துணியால் விரலிடுக்குவரை துடைத்துவிட்டுத்தான் போவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாளும் தண்ணீர் நின்றதில்லை. அம்மாவிடம் ஒருநாள் அவள், "கெட்டி வெச்சா அழுகும் உம்மா. கழுகித் தொடச்சுட்டு காத்து கொள்ளட்டும்" என்றாள். அம்மா அதை அத்தாவிடம் சொன்னாள். அத்தா அவள் காலின் பருமனைக் கையால் காட்டி, அந்த வைத்தியமா, என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

கர்க்கடகத்தில், ஆடி மழையில், ஒரு காலையில் நான் இருபது சுற்றோடு நிறுத்தினேன்.

யோசித்துச் செய்தது என்று சொல்லமுடியாது. அத்தா அன்று எண்ணவில்லை. கண்ணை மூடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். துணியின் மிச்ச நீளத்தை முழங்காலுக்குக் கீழே தொளதொளவென்று சுற்றிச் செருகினேன். பலகையில் கோடு போட்டேன். அம்மா அடுப்படியில் நின்று பார்த்தது எனக்குத் தெரியும். பார்த்தாள், அப்புறம் சோற்றைக் கிளறப் போனாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இருபது.

முதல்நாள் சாயங்காலமே அத்தா கால் லேசாக இருக்கிறது என்றார். இரண்டாம் நாள், வழியில் நிற்காமல் பஜார் ரோடு முழுக்க நடந்து வந்ததாகச் சொன்னார். அன்றைக்கே ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வந்து என் கையில் வைத்தார்.

"பாத்தியா? ஒரு நாள் விடாம செஞ்சோம்ல. உடம்பு கேக்கும்மா. எதுவும் கேக்கும். ஆனா விடாம செய்யணும்."

நான் கடலைமிட்டாயைத் தின்றேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் நடந்தது எங்களுக்குக் கம்பெனிப் பியூன் வழியாகத்தான் வந்தது. மத்தியானம் அவர் வாசலில் நின்றார். கையில் அத்தாவின் இடது ஷூ. அத்தாவைப் பின்னால் ரிக்‌ஷாவில் கொண்டுவருகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று முதலில் சொன்னார். பிறகு அம்மா கதவு மறைவில் நின்று கேட்கக் கேட்க மீதியைச் சொன்னார். அன்று சாயிப்பு தானே அத்தாவைக் கூட்டிக்கொண்டு கப்பலுக்குப் போயிருக்கிறார். பார்க்கத்தான் கூட்டிப் போனார் என்பது போட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சாயிப்பு முதலில் ஏறி மேல்தட்டில் நின்றார். அத்தா பின்னால் ஏறினார்.

"சாரு ஏணி கேறிண்டிருந்தப்போ காலுசட்டைக்குள்ளேருந்து துணி எறங்கி வந்துது உம்மா. வந்துது, வந்துது, தீரவே இல்லை. வாலு மாதிரி. கீழே போட்டுக்காரங்க சிரிச்சாங்க. சாரு பாதி ஏணியில நின்னுட்டாரு."

சாயிப்பு என்ன செய்தார் என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் பறஞ்ஞில்ல, திட்டவும் இல்ல. சாரு மேலே வந்ததும், குனிஞ்சு அந்தத் துணியோட நுனியை எடுத்து சாரு கையில கொடுத்தாரு. அவ்ளோதான். பின்னே காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தாரு."

சாயிப்பு நல்ல மனிதர். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். அத்தாவை வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளத்தோடு லீவு கொடுத்தார். திரும்பி வந்தபின் மாடியில் ஜன்னலோரமாக, செருப்போடு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். ஹெட் கிளார்க் வேலை இரண்டு வருஷம் இளையவர் ஒருவருக்குப் போயிற்று. தோப்பு வீடும் அவருக்குப் போயிற்று.

அன்று அத்தா வீட்டுக்குள் வந்ததும் உட்காரவில்லை. கதவைச் சாத்தி, அதன் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். அன்றைய கட்டத்தில் என் கோடு இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இன்னைக்கு எத்தனை சுத்து?"

நான் அந்த விரலையே பார்த்தேன்.

"எத்தனை சுத்துன்னு கேட்டேன்."

"நான்தான் சுத்துனேன்" என்றாள் அம்மா. அவள் கையில் பியூன் கொடுத்த ஷூ இருந்தது. "புள்ளெ தூங்கிட்டிருந்தா. மூணு நாளா நான்தான் சுத்துறேன். நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க. இறுக்க மனசு வரல. கோட்டையும் நான்தான் போட்டேன்."

நான் தூங்கவில்லை என்பது அத்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மடியில்தானே அவர் கால் இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தது உண்மை. என் மடிக்கும் அம்மாவின் மடிக்கும் வித்தியாசம் தெரியாத வலியில் இருந்தாரா, அல்லது அம்மா சொன்னதை எடுத்துக்கொள்வதுதான் வீட்டுக்கு நல்லது என்று அந்த நொடியில் முடிவு செய்தாரா என்பதை நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. அம்மாவை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து, பலகையில் அம்மாவின் வரிசையை மட்டும் இடமிருந்து வலமாக அழித்தார்.

அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

ஒருநாள் இருநாள் அல்ல, ஏழு மாதம். அதிலும் அவர் ஒரு நாள் தவறவில்லை. மூன்றடி தூரத்தில் அம்மா நிற்கும்போது என்னைப் பார்த்து, "உங்கம்மாவை சோறு போடச் சொல்லு" என்பார். நான் திரும்பி, "அம்மா, சோறு" என்பேன். "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. முதல் சில வாரம் அவள் அதையும் கேலியாக்கப் பார்த்தாள். "உங்க அத்தாகிட்ட கேளு, நான் கறுப்பா சிவப்பான்னாவது ஞாபகம் இருக்கான்னு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். நான் அதைக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை. பிறகு கேலியும் நின்றது. தூது போவதுதான் பலகையில் இல்லாத என் வேலையாக இருந்தது. கையெழுத்துப் பயிற்சியைப்போல அதிலும் நான் தேர்ந்தேன்.

துணியை அவர் தானே சுற்றிக்கொண்டார். முப்பது. ஷூவுக்கு அவசியம் போன பிறகும் முப்பது. மாதத்துக்கு ஒரு தடவையாவது காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் கொஞ்சம் கூடுதலாகப் பெருத்தது. ஒவ்வொரு தடவையும், தளர்த்திவிட்ட அந்த நாட்களில் கெட்டதுதான் என்று என்னிடம் சொன்னார், அம்மாவுக்குக் கேட்கும்படியாக.

நான் சொல்லிவிடப் பார்த்தேன். ஒரு தடவை. மத்தியானம், அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அத்தாகிட்ட உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"வாயை மூடு. என்கிட்ட பேசாம இருந்தா அவரு சோறு திம்பாரு. உன்கிட்ட பேசாம இருந்தா தின்ன மாட்டாரு. ரெண்டு பேரை மண்ணுல வெச்ச மனுஷன். போ, உள்ள போ."

நான் உள்ளே போனேன். அப்போது எனக்குப் பத்து வயது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் இருபதிலும் நான் சொல்லவில்லை, முப்பதிலும் சொல்லவில்லை.

மாசி மாதத்தில், வெயிலில், வந்த காய்ச்சல் மற்றவற்றைப்போல இல்லை. அத்தா பிதற்றினார். துறைமுகப் பெயர்களாக வந்தது. என்னைத் தண்ணீர்க்கார சேட்டத்தியைக் கூட்டிவர அனுப்பினாள் அம்மா. நாங்கள் திரும்பி வந்தபோது அவள் பாக்குவெட்டியால் துணியை முழங்காலிலிருந்து கீழே நேராக வெட்டிக்கொண்டிருந்தாள். சுற்றுச் சுற்றாக அவிழ்க்கப் பொறுமை இல்லை. அது கால் மாதிரி இல்லை. அதை நான் எழுதப்போவதில்லை. அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீர், பார் சோப்பு, பழைய துணி. இரண்டு பெண்களும் அத்தாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல விரலிடுக்குகளைக் கழுவினார்கள். தண்ணீர் மூன்று தடவை மாற்றினார்கள். நான்காவது தடவை ஊற்றும்போது அத்தா கண்ணைத் திறந்தார். சேட்டத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"தண்ணி ஆறிப்போச்சு" என்றார், அம்மாவிடம்.

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சூடாக்க இவ்வளவு நேரம் ஆகாது என்று எனக்குத் தோன்றும்வரை அவள் திரும்பி வரவில்லை.

அதன்பின் அவர் கட்டவில்லை. ஒளுவுக்கு இரண்டு காலுக்கும் தண்ணீர் விட்டார். கால் சிறுத்துவிடவில்லை. காய்ச்சல்கள் குறைந்தன. எப்போதாவது வந்தது. அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. நோய் தன் காலம் முடிந்து அடங்கியது என்றார். எனக்கு ஐம்பது வயதானபின் ஒரு சுகாதார முகாமில் ஒரு நர்ஸ், மந்துக்கால் உள்ளவர்களை வரிசையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். சோப்பு, தண்ணீர், விரலிடுக்கு, துடைத்து உலர்த்துவது. புண்ணையும் அழுக்கையும் உள்ளே வைத்துக் கட்டாதீர்கள் என்றும் சொன்னாள். நாளைக்கு இரண்டு தடவை செய்தால் போதும் என்றாள். அத்தா ஏழு வயதிலிருந்து நாளைக்கு ஐந்து தடவை செய்துகொண்டிருந்தார். பலகைக்காக நிறுத்திவைத்த பழக்கம் அது ஒன்றுதான். நான் தளர்த்திய அந்த நாட்களில் அவர் காலுக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஹெட் கிளார்க் வேலை கைவிட்டுப் போனதற்குக் காரணம் நான்தான் என்பதும் மாறவில்லை. அந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஆறுதல் தேடக்கூடாது என்று நினைக்கிறேன்.

அத்தா எழுபத்தைந்து வயதுவரை இருந்தார். கடைசிக் காலத்தில் அந்தக் கதை அவருக்கு வேடிக்கையாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், சாயா குடித்து முடியும் நேரத்தில், காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். கப்பல், ஏணி, சாயிப்பு, வால் மாதிரித் துணி. "எல்லாம் இவ செஞ்ச வேலை. மூணு நாள் ஏமாத்தினா பாருங்க. இல்லாட்டி நான் ஹெட் கிளார்க்" என்று அம்மாவைக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். "ஆமா, நான்தான்" என்பாள். பெரும்பாலும் நானும் அங்கே இருப்பேன், காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு. எத்தனையோ வருஷம், எத்தனையோ விருந்தாளிகள். ஒரு தடவைகூட அம்மாவின் கண் என் பக்கம் திரும்பியதில்லை.